சூடானதும் நின்றுவிடும் அம்பாசடர்: இக்னிஷன் கோளாற்றைத் தேடும் முறை

உங்கள் வண்டி 1984ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் எஞ்சின். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் ஓடிய பிறகு மிஸ் ஆகத் தொடங்கி, சிறிது தூரத்திலேயே நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் மறுபடியும் நன்றாக ஓடுகிறது. பிளக், கான்டாக்ட் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சிறு சுவிட்ச்), கண்டென்சர், இக்னிஷன் காயில் (12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்துவது) எல்லாவற்றையும் மாற்றி, கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவிய பின்னரும் குறை தீரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து, பாயிண்டைத் தன்னுள் கொண்டு ஸ்பார்க்கை நான்கு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையே புதிதாக வாங்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். இதுவரை நடந்த வேலை அனைத்தும் எஞ்சின் ஆறியிருந்தபோது, அதாவது குறை மறைந்திருந்தபோது நடந்திருக்கிறது. சூட்டில் மட்டும் வெளிப்படும் கோளாற்றைச் சூட்டில்தான் பிடிக்க முடியும். ஆகவே இனி எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், வண்டி நின்ற அந்த இடத்தில், ஆறுவதற்குள் செய்ய வேண்டிய சில சோதனைகளை முதலில் சொல்கிறேன்.

இவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு நீண்ட ஒயர்களைப் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், சாதாரண மல்டிமீட்டர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் ஆகியவை டிக்கியில் இருந்தால் போதும்.

வண்டி எப்படி நிற்கிறது என்பதே முதல் தடயம். விளக்கை அணைத்ததுபோல எஞ்சின் சட்டென்று செத்துப்போனால் மின்சாரப் பக்கத்தில் குறை இருக்கவே வாய்ப்பு அதிகம். இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் தடுமாறி, திணறித் திணறி நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அம்பாசடரில் இந்த இரண்டாவது சந்தேகத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இதன் 1489 சி.சி. எஞ்சின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு வந்த பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து பி வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் கார்புரேட்டரும், சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளதால், வெயில் காலத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகித் தடைபடுவதுண்டு. ஆகவே வண்டி நின்றதும் ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. நல்ல ஸ்பார்க் இருந்தால் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை, பம்ப், குழாய், மேனிஃபோல்டின் சூடு என்று அந்தப் பக்கம் போங்கள். ஸ்பார்க் இல்லாவிட்டாலோ, மஞ்சளாக மெலிந்து இருந்தாலோ, இக்னிஷனில்தான் குறை.

ஸ்பார்க்கைப் பார்க்கும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துப் பார்ப்பது பரவலான வழக்கம். ஆனால் திறந்த காற்றில் அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட மிகக் குறைந்த மின்னழுத்தமே போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையின் நடுவே அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். ஆகவே வெளியே அழகாகப் பொறி விடும் பிளக் உள்ளே பொறி விடாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாக, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவிலிருந்து காயில் ஒயரை உருவி, அதன் உலோக முனையை எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பிளேயரால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 'டக், டக்' என்ற ஓசையோடு நீல நிறத்தில் அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டும். அருகில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. கார்புரேட்டர் இருக்கும் பக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் மறுபக்கத்தில் இருப்பதால் அது எளிதுதான்.

இங்கே பொறி நன்றாக இருந்து பிளக்கில் மட்டும் இல்லை என்றால் கேப், ரோட்டர் (கேப்புக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் துண்டு), பிளக் ஒயர்கள் ஆகியவற்றில் குறை. இங்கேயே பொறி இல்லை என்றால் காயிலும் அதற்கு முன்னால் உள்ள 12 வோல்ட் பகுதியும்தான் குற்றவாளிகள். தேட வேண்டிய இடத்தில் பாதியை இந்த ஒரு சோதனை விலக்கிவிடுகிறது.

12 வோல்ட் பகுதியை டெஸ்ட் லேம்பால் பிரித்தறியலாம். சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து மின்சாரம் சுவிட்ச் வழியாகக் காயிலின் ஒரு முனைக்கு வருகிறது. பழைய காயில்களில் அந்த முனையில் எஸ்.டபிள்யூ. என்றும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மறுமுனையில் சி.பி. என்றும் பொறித்திருக்கும். லூகாஸ் வயரிங் முறைப்படி முதலாவதற்கு வெள்ளை ஒயரும் இரண்டாவதற்கு வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஒயரும் வர வேண்டும். ஆனால் நாற்பது வயது வண்டியில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள் என்று தெரியாதாகையால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பல்பின் ஒரு ஒயரைச் சி.பி. முனையிலும் மற்றொன்றை எஞ்சின் எர்த்திலும் (எஞ்சினின் வெறும் உலோகத்தில்) வைத்து, சாவியைப் போட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும். மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் வழியாக எர்த் கிடைக்கவில்லை: பாயிண்ட் முகம் எண்ணெய் படிந்தோ கருகியோ இருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் ஒயர் அறுந்திருக்கலாம். எப்போதுமே எரியாவிட்டால் சி.பி. முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த்தில் தொடுகிறது, அல்லது கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது. இப்போதும் எரியாவிட்டால் பல்பை எஸ்.டபிள்யூ. முனைக்கு மாற்றுங்கள், அங்கே எரிந்தால் காயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது, அங்கேயும் எரியாவிட்டால் சுவிட்சிலோ அதன் ஒயரிலோ குறை.

சுவிட்சின் மேல் சந்தேகம் வந்தால் அதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பேட்டரியின் உயிர் முனையிலிருந்து காயிலின் எஸ்.டபிள்யூ. முனைக்கு நேராக ஒரு ஒயர் கொடுத்து வண்டியை ஓட்டிப் பாருங்கள். குறை மறைந்தால், வெப்பத்தில் தொடர்பு விடும் சுவிட்சோ தளர்ந்த டெர்மினலோதான் காரணம். அந்த ஒயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது, ஒயரைக் கழற்றினால்தான் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். சோதனை முடிந்ததும் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை மிகவும் இழுத்தது காயில் மாற்றியதைப் பற்றிய வரி. பழைய காயிலோடும் குறை இருந்தது, புதியதைப் போட்டபின் இன்னும் சீக்கிரமாக நிற்கிறது என்று சொல்கிறீர்கள். கடைகளில் 12 வோல்ட் காயில் என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று நேராக 12 வோல்ட்டில் ஓடுவது. அதன் இரண்டு சிறு முனைகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் ஏறத்தாழ 3 ஓம் காட்டும். மற்றொன்று பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற தடுப்பானோடு சேர்ந்து ஓட வேண்டியது. அது ஏறத்தாழ 1.5 ஓம் காட்டும். வெளியில் இரண்டும் ஒரே அச்சுதான். தடுப்பான் இல்லாத வண்டியில் இரண்டாவது வகையைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் ஓடும். தொடக்கத்தில் ஸ்பார்க் பிரமாதமாக இருக்கும். வண்டியும் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். பிறகு காயில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்து, உள்ளே இன்சுலேஷன் தளர்ந்து, ஸ்பார்க் மெலிந்து நின்றுவிடும். ஆறினால் மறுபடியும் ஓடும். பாயிண்டும் சில வாரங்களிலேயே நீலம் பாய்ந்து கருகிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஏறக்குறைய இவைதான். ஆகவே இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டுக் காயிலின் ஓம் அளவை முதலில் பாருங்கள். 1.5 ஓம் பக்கம் காட்டினால் சரியான 3 ஓம் காயிலைப் போடுங்கள்.

காயில் 3 ஓம் வகையாகவே இருந்தாலும் அது நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆறியிருக்கும்போது ஒருமுறையும், வண்டி நின்ற உடனே ஒருமுறையும் அளந்து பாருங்கள். செப்புக் கம்பி சூட்டில் சிறிது தடை கூடுவது இயல்பு. ஆனால் அளவு திடீரென்று தாவினாலோ, உயர் மின்னழுத்தச் சுற்றின் அளவு வழக்கமான 5,000 முதல் 10,000 ஓம் வரம்பை விட்டு எங்கோ போனாலோ காயில் போய்விட்டது. வழியில் மீட்டர் இல்லாவிட்டால், சாவியை அணைத்துவிட்டு, ஈரத் துணியைக் காயிலின் உடம்பில் மட்டும், முனைகளில் படாமல் சுற்றி இரண்டு நிமிடம் வையுங்கள். எஞ்சினின் மற்ற பகுதிகள் எல்லாம் சூடாக இருக்க, காயில் மட்டும் ஆறியதும் வண்டி ஓடினால் வேறு சாட்சி தேவையில்லை. இன்னொன்று: பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி விட்டுவிட்டால் நல்ல காயிலும் கெட்டுவிடும். பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைப் போட்டு வைக்கும் பழக்கம் இந்த வண்டிக்கு ஆகாது.

அடுத்தது கண்டென்சர். இது ஒரு விரல் நுனி அளவுள்ள சிறு டப்பாதான் என்றாலும், இரண்டு வேலைகளைச் செய்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அதன் முகங்களுக்கிடையே தீப்பொறி பாயாமல் தடுக்கிறது; காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுவதற்கும் அதுவே காரணம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம். ஓடும்போது பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறக்கிறது; ஒவ்வொரு முறையும் இந்த வேலை நடந்தாக வேண்டும். கண்டென்சர் உள்ளே தொடர்பு விட்டால் ஸ்பார்க் மஞ்சளாக மெலியும், பாயிண்டில் நீலப் பொறி பளிச்சிடும். ஷார்ட் ஆனால் ஸ்பார்க்கே இருக்காது. சூட்டில் மட்டும் இவ்வாறு ஆகி, ஆறியதும் சரியாகிவிடும் கண்டென்சர்கள் நிறைய உண்டு. புதிதாக வாங்கியது என்பதாலேயே இதை நம்பிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்று கிடைக்கும் பல கண்டென்சர்களின் தரம் பழையவற்றுக்கு ஈடில்லை. கபாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டரில் 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை காட்ட வேண்டும். ஆனால் மீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது. ஓடும்போது கண்டென்சர் மேல் சில நூறு வோல்ட் விழுகிறது. எனவே அளவு சரியாக இருந்தாலும் மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அதற்கும் ஒரு எளிய வழி இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருப்பதன் ஒயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, நல்லது என்று தெரிந்த வேறொரு கண்டென்சரை வெளியே, அதன் உடம்பு எர்த்தில் நன்றாகப் படும்படி இறுக்கி, ஒயரைச் சி.பி. முனையில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி இருப்பதால் பலர் அதை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதும் உண்டு.

மெக்கானிக்குகள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள இரண்டு சிறு ஒயர்களை. ஒன்று பக்கவாட்டு டெர்மினலிலிருந்து பாயிண்டுக்கு மின்சாரம் கொண்டுவருவது. மற்றொன்று பாயிண்ட் பொருத்திய தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு எர்த் செய்வது. ஸ்பார்க் வரும் நேரத்தை எஞ்சினின் சுமைக்கேற்ப மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் அந்தத் தட்டை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பதால் இவை இரண்டும் மிக மெல்லிய இழைகளால், வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டவை. ஆண்டுகள் ஆக ஆக மேலுறை அப்படியே இருக்க, உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். பார்வைக்கு ஒயர் முழுதாகவே தெரியும். மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே அறுந்திருக்கிறது என்று பொருள். சாதாரண ஒயரைப் போட்டு இதைச் சரிசெய்தால் சீக்கிரமே மறுபடியும் அறுந்துவிடும். இழை மிகுந்த மெல்லிய ஒயர்தான் வேண்டும். இந்தக் குறைக்கு ஓர் அடையாளம் உண்டு: நின்ற வண்டியில் எல்லாம் சரியாக இருக்கும், ஆக்சிலரேட்டரை மாற்றும்போது மட்டும் வெட்டும். சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது சி.பி. முனைக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாயிண்ட், ஒயர், எர்த் மூன்றில் ஒன்றில் தடை இருக்கிறது.

இனி பாயிண்ட். பிளாட்டினம் என்று பட்டறைகளில் சொல்லப்படும் இதற்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்டின் ஃபைபர் குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் நான்கு முனைச் சுழல் துண்டான கேமின் உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். புதுப் பாயிண்டின் முகத்தில் துருப் பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை இடையே செருகி இழுத்துத் துடைக்காவிட்டால் முதல் நாளே தொல்லை தரும். எண்ணெய் படிந்த ஃபீலர் கேஜால் அளப்பதும் அதே கெடுதலைச் செய்யும். கேமுக்கு மிகச் சிறிது கிரீஸ் இடுங்கள். அதிகமானால் சூட்டில் உருகிப் பாயிண்டில் தெறிக்கும், சூடானபின் மட்டும் மிஸ் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். கேமின் நான்கு முனைகளிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று அதிகமாக வேறுபட்டால், அல்லது ரோட்டரைக் கழற்றிவிட்டுத் தண்டைப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் பாயிண்டை எத்தனை முறை செட் செய்தாலும் அந்த இடைவெளி நிலைக்காது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டுமே டிஸ்ட்ரிபியூட்டரை மாற்ற நான் சம்மதிப்பேன். அதிலும்கூட, நல்ல லேத் பட்டறையில் புஷ் கடைந்து போட்டுக்கொள்ள முடியுமானால் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். செய்த பழைய உருப்படியை வைத்துக்கொள்வதே மேல்.

ரோட்டரும் சூட்டில் ஏமாற்றும். அதன் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக உயர் மின்னழுத்தம் கீழே உள்ள தண்டுக்குத் தாவி எர்த் ஆகிவிடலாம். அப்போது காயில் ஒயரில் ஸ்பார்க் நன்றாக இருக்கும், பிளக்குக்கு எதுவும் போகாது. கேப்பைக் கழற்றி, காயில் ஒயரின் முனையை ரோட்டர் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே பிளேயரால் பிடித்து, சாவியைப் போட்டு, பாயிண்டைக் காய்ந்த மரக்குச்சியால் திறந்து மூடச் செய்யுங்கள். ரோட்டருக்குப் பொறி பாய்ந்தால் அது உள்ளே கசிகிறது, தூக்கிப் போட்டுவிடலாம். கேப்பில் பார்க்க வேண்டியவை நடுவிலுள்ள கார்பன் பிரஷும், பென்சிலால் இழுத்த கோடுபோல் உட்பக்கம் ஓடும் கருகிய தடமும். தடம் விழுந்த கேப்பைச் சுரண்டிப் பயனில்லை. இரவில் விளக்கில்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் பிளக் ஒயர்களின் கசிவு நீலமாகத் தெரியும்.

பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) மாறும்: இடைவெளி கூடினால் ஸ்பார்க் முன்னதாக வரும், குறைந்தால் பின்தங்கும். ஆகவே பாயிண்டை முதலிலும் டைமிங்கை அதன் பிறகும் செட் செய்ய வேண்டும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்க, கிராங்க் புல்லியின் வெட்டை உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் டிகிரி முள்ளுக்கு நேராக, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றிக் கொண்டுவாருங்கள். சி.பி. முனையில் டெஸ்ட் லேம்பை வைத்து, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். இந்த எஞ்சினில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும். ஒயர்களைக் கழற்றியிருந்தால் 1, 3, 4, 2 என்ற ஃபயரிங் ஆர்டரையும் அதே இடஞ்சுழித் திசையில் சரிபாருங்கள். பின்தங்கிய டைமிங் எஞ்சினை அதிகமாகச் சூடாக்கி, மேலே சொன்ன எல்லாக் குறைகளையும் விரைவில் வெளியே கொண்டுவரும்.

காயிலின் முனைகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிளக்கின் நடுக்கம்பி மற்றதைவிடச் சூடாக இருப்பதால், அதிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்படும்படி அது நெகட்டிவாக இருந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். முனைகள் தலைகீழானாலும் வண்டி ஓடும், ஆனால் பலவீனமான காயிலுக்குச் சுமை கூடும். பேட்டரியின் நெகட்டிவ் எர்த்தில் இருந்தால், காயிலின் நெகட்டிவ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பிளக் இடைவெளிக்கு 0.6 மி.மீ. போதும், அதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: பாயிண்டும் கண்டென்சரும் செய்யும் வேலையை அது எடுத்துக்கொள்ளும், அந்த இரண்டின் தொல்லை நீங்கும். சுவிட்ச், காயில், ரோட்டர், எர்த் ஆகியவற்றின் குறையை அது தீர்க்காது. பல கிட்டுகள் குறைந்த ஓம் காயிலைத் தாங்காமல் சூட்டில் கருகிவிடும் என்பதால், காயிலின் ஓம் அளவு தெரியாமல் அதை வாங்க வேண்டாம். முதலில் அந்த அளவையும், அடுத்த முறை வண்டி நின்றதும் காயில் ஒயரில் பொறி இருந்ததா, பல்பு எரிந்ததா என்பதையும் எழுதுங்கள். அந்த மூன்று விடைகள் கிடைத்தால் எந்தப் பாகம் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.